மூச்சில் இறுகும் குழாய்

மின்சாரம் போனது காலையிலா, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகா என்பது சந்தனமாரிக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. அந்த முதல் குழாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்தது தான்தான் என்று அவள் நினைக்கிறாள். கல்லூரியில் கூடப் படித்த ஜெரோம் பர்னாந்தோ, அது தான்தான் என்று சத்தியம் செய்வான். நஸ்ரினைக் கேட்டால் வேறு ஏதாவது சொல்லக்கூடும். அவளிடம் பேசி வெகுகாலமாகிவிட்டது. களைப்போடு கழிந்த வருடங்களின் நினைவு இப்படித்தான் இருக்கிறது. ஈரத்தில் கிடந்த துணிகள் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கப்போனால் கிழிந்துவிடுகிறது. ஆகவே இதில் ஒன்றிரண்டு இடங்கள் முன்பின்னாக இருக்கலாம். பிசகாத இடம் ஒன்று உண்டு. பரிசோதனைக் குழுவின் மேசைக்கு முன்னால் நின்று அவள் சொன்ன பதில்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, செம்மணல் மேடாகிய தேரியின் ஓரத்தில் இருந்த பொறியியல் கல்லூரி அது. மாணவர் ராக்கெட் போட்டி வருடாவருடம் அந்தத் தேரியில்தான் நடக்கும். எஞ்சினை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், கூட்டை மட்டும் மாணவர்களே செய்ய வேண்டும் என்பது விதி. கூடு என்றால் ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு குழாய், தொடைப் பருமன். அலுமினிய அச்சின்மேல் கார்பன் துணியைச் சுற்றி, பிசின் தடவி, சூட்டில் இறுகவிட்டு, அச்சை உருவி எடுக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும்.

சந்தனமாரி, ஜெரோம், நஸ்ரின் என மூன்று பேர் கொண்ட அணி. காயல்பட்டினத்து நஸ்ரின் பிசின் காய்ச்சினாள். கடல்பாசியிலிருந்து அவள் எடுத்த அந்தப் பிசின் கையை அரிக்காது, மூச்சை அடைக்காது, உடம்புச் சூட்டிலேயே இறுகும். ஒரு தீபாவளிச் செலவில் பத்துக் கூடு செய்துவிடலாம். அதற்கு ஒரே ஒரு குறை இருந்தது. ஓவனில் வைத்து எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்துவிடும். ஒரு காசை எடுத்துக் குழாயை நெடுகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் மணி போலக் கேட்கும். விரிசல் விழுந்த இடத்தில் பூசணிக்காயைத் தட்டியது போலக் கேட்கும். அவர்களுடைய கூடுகள் முக்கால்வாசியும் பூசணிக்காய்தான்.

அப்படி ஒரு கூடு ஓவனுக்குள் இருந்தபோதுதான் மின்சாரம் போனது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை.

"ஆறிப்போச்சுன்னா தூக்கித் தேரியில போட வேண்டியதுதான்" என்றாள் நஸ்ரின்.

"உடம்புச் சூடுதானே வேணும்? காய்ச்சல்காரன் எவனையாவது புடிச்சிட்டு வந்து பக்கத்துல படுக்கப் போடுவமா?" என்றான் ஜெரோம்.

"நீயே படுடே. ஒனக்குத்தான் ஒரு வேலையும் இல்லியே."

சிரிப்பில் தொடங்கியது. குழாய்க்கு மேல் பிளாஸ்டிக் உறை இருந்ததால் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் இல்லை. ஆய்வகத்துத் தரையில் பாயை விரித்து, சந்தனமாரி ஒருக்களித்துப் படுத்துக் குழாயை அணைத்துக்கொண்டாள். அல்லது ஜெரோம் அணைத்துக்கொண்டான். வெயில் தாழ்ந்த பிறகு அச்சை உருவிவிட்டு நஸ்ரின் காசால் தட்டினாள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மணிச்சத்தம். ஜெரோம் காசை வாங்கித் தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தான்.

"எப்பிடி?" என்று கேட்டான்.

நஸ்ரின் யோசித்து யோசித்துச் சொன்னாள். "பிசின் இறுகும்போது இழையெல்லாம் லேசா நகந்து தன் எடத்தத் தேடுது. ஓவன்ல அசையாமக் கெடக்கு, பாதி வழியிலயே நின்னுருது. விரிசல் அங்கதான் வருது. மூச்சு ஏறி எறங்கும்போது அதுக்கு நகர வழி கெடைக்கு."

"அப்போ ஒரு காத்துத் தலையணைய வச்சு ஆட்டுனாப் போச்சு."

"ஆட்டிப் பாரு. ஆனா தலையணைக்குக் கொழாய் இறுகுறது தெரியாது. ஒடம்புக்குத் தெரியும். அது கெட்டியாக ஆக, கை தன்னால தளரும்லா."

ஜெரோம் மூன்று மாதம் தலையணைகளோடு மல்லுக்கட்டினான். தலையணை தோற்றது. பிறகு மூவரும் முறை வைத்துக்கொண்டு பாயில் படுத்தார்கள். வழக்கம் ஒன்று உருவானது. காலையில் கைகால் கழுவி, வயிறு நிறையாமல் சாப்பிட்டு, மோதிரம் வளையல் கழற்றி வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். படுத்திருப்பவரிடம் யாரும் பேசக் கூடாது. மற்ற துறைப் பையன்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்ன மாப்ள, புள்ள தூங்கிட்டா?" என்று கேட்பார்கள். "இன்னும் பல்லு மொளைக்கல. போங்கலே" என்பான் ஜெரோம்.

போகப் போக ஒரு விஷயம் தெரிந்தது. ஜெரோமின் குழாய்கள் சற்றே கோணின. நஸ்ரினுடையவை நேராக இருந்தாலும் நடுவில் எங்காவது ஒரு பூசணிக்காய் இருக்கும். சந்தனமாரியின் குழாய்கள் மட்டும் ஒவ்வொன்றும் கம்பி போல வந்தன. துறைப் பேராசிரியர் தாணுமூர்த்தி அவற்றைக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டிவிட்டு, குனிந்து இடைவெளியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரியாது. "என்ன ரகசியம்மா?" என்பார். அவள் தெரியாது என்பாள். அப்போது அது உண்மை.

அவள் வீடு கல்லூரியிலிருந்து பேருந்தில் அரைமணி தூரம். அண்ணன் திருப்பூரில் இருந்தான். அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தாள். புண் வந்துவிடாமல் இருக்க அம்மாவை இரவில் திரும்பத் திரும்பப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சந்தனமாரிக்கு முழுத் தூக்கம் என்பது எப்படி இருக்கும் என்று மறந்துபோயிருந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. குறைப்பட்டுக்கொள்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

இறுதி ஆண்டில், போட்டிக்கு முந்தின மாதம், அண்ணனின் மனைவி, மதினி, திருப்பூரிலிருந்து வந்து தங்கினாள். "போய்ப் படு மாரி. மூஞ்சியப் பாத்தாலே பயமா இருக்கு. அத்தைய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். சந்தனமாரி படுத்தாள். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் தூங்கினாள். உலகத்துக்கு நிறம் திரும்பியது. பேருந்தில் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தோன்றியது.

அந்த வாரம் அவள் செய்த குழாய் கோணியது. நடுவில் பூசணிக்காய்ச் சத்தம். இன்னொன்று செய்தாள். அதுவும்.

"என்னட்டி ஆச்சு ஒனக்கு?" என்றான் ஜெரோம். "மொகம் பளபளன்னு இருக்கு, கொழாய் மட்டும் கோணிக்கிட்டு நிக்கி!"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அன்று முழுவதும் அது அவளுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. நஸ்ரின் செய்ததில் பழுதே இல்லாத குழாய் ஒன்றே ஒன்று. அது நோன்பு மாதத்தில், விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து தூக்கம் கெட்டிருந்த நாட்களில் செய்தது. ஜெரோமின் ஒரே நேரான குழாய், திருவிழா இரவு முழுக்க மாதா சப்பரத்தைத் தோளில் தூக்கிவிட்டு நேராக ஆய்வகத்துக்கு வந்து விழுந்த அன்று செய்தது.

நன்றாகத் தூங்கி எழுந்தவளின் உடம்பு சும்மா இருப்பதில்லை. விரல் எதையோ தேடுகிறது. மனம் நாளைக்கு என்ன என்று கணக்குப் போடுகிறது. மூச்சு அதன் பின்னால் ஓடி, திரும்பி வந்து, மறுபடி ஓடுகிறது. களைத்தவளுக்கு நாளை இல்லை. அவள் வெறும் மூச்சாகக் கிடக்கிறாள். பிசினுக்கு வேண்டியது அதுதான்.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. பெரிய காரணம் எதுவும் அப்போது இல்லை. தன்னிடம் ஏதோ ஒரு கைப்பக்குவம் இருக்கிறது என்று மூன்று வருடமாக எல்லோரும் சொல்லிவந்ததை அவளும் கொஞ்சம் நம்பியிருந்தாள். அது வெறும் அசதிதான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

பிறகு கம்பெனிக்காரர் வந்தார். விமானங்களுக்கும் ராக்கெட்டுகளுக்கும் பாகம் செய்யும் பெரிய நிறுவனம் ஒன்றின் அதிகாரி. மெலிந்த மனிதர், மரியாதையாகப் பேசினார். பாயைப் பார்த்தார். குழாயை உருட்டிப் பார்த்தார். ஒரு கூடத்தில் எத்தனை பேரைப் படுக்கவைக்கலாம் என்று கேட்டார். போட்டியில் இது பறந்து காட்டினால் மூன்று பேருக்கும் வேலை நிச்சயம் என்றார். போகும்போது வாசலில் நின்று தாணுமூர்த்தியிடம் சொன்னார்:

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் சார். எல்லாரையும் இந்தப் பொண்ணு மாதிரி ஆக்கணும்னா என்ன பண்ணணும், அதை மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க. அதைப் பண்ணிடுவோம்."

பண்ணிவிடுவார்கள் என்பதில் சந்தனமாரிக்குச் சந்தேகம் வரவில்லை. வரிசையாகப் பாய்கள் விரித்த நீண்ட கூடம் ஒன்றை அவள் மனத்தில் பார்த்தாள். அதற்கு முன்னால் இன்னொரு கூடம். அங்கே ஆட்களை உட்காரவிடாமல், கண்ணை மூடவிடாமல் வைத்திருப்பார்கள். அதற்கும் ஒரு நல்ல பெயர் வைப்பார்கள்.

சொல்லாமலும் இருக்க முடியாது. சில வருடங்களுக்கு முன் வேறெங்கோ ஒரு மாணவர் ராக்கெட் ஊருக்குள் விழுந்து ஓர் ஆள் இறந்த பிறகு, விதி கடுமையாகிவிட்டது. கூடு ஏன் வலுவாக இருக்கிறது என்று அணியால் காரணம் சொல்ல முடியாவிட்டால், அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் பறக்க அனுமதி இல்லை. காரணம் சொன்னால் கூடம் வரும். சொல்லாவிட்டால் மூன்று வருட உழைப்பும் மூவரின் வேலையும் மண்ணாகும். நஸ்ரின் வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்; வேலைக் கடிதம் ஒன்றுதான் அதை நிறுத்தும் என்பது அவர்கள் மூவருக்கும் தெரியும்.

போட்டிக்கான கூட்டைச் செய்யும் முன், சந்தனமாரி மதினியை உள்ளறையில் படுக்கச் சொல்லிவிட்டு மூன்று நாள் தானே அம்மாவோடு விழித்திருந்தாள். நான்காம் நாள் காலை பாயில் விழுந்தாள். மாலையில் நஸ்ரின் காசால் தட்டிக்கொண்டே வந்து, கடைசி முனையில் காசை முத்தமிட்டாள்.

தாணுமூர்த்தி மட்டும் குழாயைப் பார்க்காமல் அவள் கண்களைப் பார்த்தார். "தூங்குனியாம்மா?"

"தூங்குனேன் சார்."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் குழாயின் பக்கம் திரும்பினார்.

கூடுகளைப் பார்த்துப் பறக்க அனுமதி தரும் பரிசோதனைக் குழுவில் மூன்று பேர். தலைவராக இருந்தவர் நரைத்த கூந்தலைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு விஞ்ஞானி அம்மா. கம்பெனிக்காரர் பார்வையாளராகப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"மூணு பேரும் ஒரே பிசின், ஒரே துணி. ஆனா இவங்க செஞ்சது மட்டும் ஏன் நல்லா வருது?" என்று தலைவர் கேட்டார். "காரணம் தெரியாத நல்லதை நான் வானத்துக்கு அனுப்ப மாட்டேன்."

ஜெரோம் தரையைப் பார்த்தான். சந்தனமாரி எழுந்தாள்.

"பிடிக்கிறவங்க நல்லா ஓய்வெடுத்திருக்கணும் மேடம். இராத்திரி முழுக்கத் தூங்கி, வேளைக்குச் சாப்பிட்டு, மனசுல கவலை இல்லாம இருந்தா மூச்சு சீரா வரும். மூச்சு சீரா இருந்தா இழை சீரா படியும். அசந்துபோனவங்க பிடிச்சா விரிசல் விழும். எனக்கு வீட்டில மதினி இருக்காங்க. அம்மாவை அவங்க பாத்துக்கிடுதாங்க. நான் நல்லாத் தூங்குறேன்."

தலைவர் குறிப்பைப் புரட்டினார். "ஆனா மூணு வாரம் முன்னாடி நீங்க செஞ்ச ரெண்டு கூடு கெட்டுப்போயிருக்கே. அப்பவும் மதினி இருந்தாங்களா?"

இதை அவள் யோசித்திருக்கவில்லை. ஜெரோம் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அது பிசின் கோளாறு" என்றார் தாணுமூர்த்தி, உட்கார்ந்தபடியே, மிகச் சோர்ந்த குரலில். "அந்தத் தடவை காய்ச்சினது சரியா வரல. நான் பாத்தேன்."

நஸ்ரின் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு சந்தனமாரியைப் பார்த்தாள். அனுமதி கிடைத்தது.

ராக்கெட் தேரிக்கு மேலே கோடு கிழித்தது போல ஏறி, நீலத்தில் கரைந்து, குடை விரித்து மெல்ல இறங்கியது. எல்லோரும் கத்தினார்கள். நஸ்ரின் செம்மணலில் தனியாக நின்றிருந்தாள். சந்தனமாரி பக்கத்தில் போனபோது, "என் பிசின் கெடல. ஒனக்கும் தெரியும்" என்றாள்.

"நஸ்ரின்..."

"காரணம் இருந்தாச் சொல்லு, கேக்கேன்."

சொல்லியிருக்கலாம். ஒருவருக்குச் சொன்னால் இருவருக்குத் தெரியும், பிறகு கம்பெனிக்குத் தெரியும் என்று அவள் நினைத்தாள். நஸ்ரின் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு நடந்து போனாள். கம்பெனி அவளுடைய பிசினின் செய்முறையை வாங்கிக்கொண்டு, கெட்டுப்போகும் பிசின் காய்ச்சியவள் வேண்டாம் என்று அவளை மட்டும் விட்டுவிட்டது. சந்தனமாரி தனக்கு வந்த வேலைக் கடிதத்துக்குப் பதில் போடவில்லை.

ஏழெட்டு வருடம் கழித்து ஜெரோம் கூப்பிட்டான். தேரிக்கு அந்தப்பக்கம் கம்பெனியின் பெரிய கூடத்துக்கு அவன்தான் மேலாளர். "ஒரு தடவ வந்து பாரு மாரி. எல்லாம் நீ சொன்ன விதிதான்."

போனாள். குளிர்ந்த, அரையிருட்டான கூடம். பாய்க்குப் பதில் மெத்தைகள். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஒருக்களித்துப் படுத்து, ஆளுக்கொரு கருங்குழாயை அணைத்துக் கண் மூடியிருந்தார்கள். அத்தனை பேரின் மூச்சும் தூரத்துக் கடல் போலக் கேட்டது. சாப்பாட்டுக் கூடம் இருந்தது, மருத்துவர் இருந்தார். வாசலில் பெரிய விளம்பரப் பலகை: 'தாயின் அணைப்பில் தயாராகும் ராக்கெட்.'

"இதென்ன தாய்?" என்று கேட்டாள்.

"அதொரு ஆச்சரியம்" என்றான் ஜெரோம் உற்சாகமாக. "மொதல்ல காலேஜ் முடிச்ச பிள்ளையள எடுத்தோம். நல்லாத் தூங்கி, ஜம்முன்னு வருங்க. ஆனா கொழாய் கோணும். ஒத்துவரலன்னு அனுப்பிட்டோம். கைப்புள்ளக்காரி பிடிச்சாத்தான் நேரா வருது. அணைச்சுப் பழக்கப்பட்ட கைல்லா! இப்போ ரெண்டு வயசுக்குள்ள புள்ள இருந்தாத்தான் எடுக்கோம்."

சந்தனமாரி திரும்பி, படுத்திருந்தவர்களின் கண்ணடிக் கருவளையங்களைப் பார்த்தாள். அவன் கவனிக்கவில்லை.

முறை முடிந்து பெண்கள் வெளியே வந்தபோது, தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஒருத்தியிடம் பேச்சுக்கொடுத்தாள். செல்லக்கனி என்று பெயர் சொன்னாள். மார்புச் சேலை பாலில் நனைந்திருந்தது.

"நல்லாப் பாத்துக்கிடுதாங்களா?"

"கொறை சொல்ல முடியாதுக்கா. வேளைக்குச் சோறு. வேலைன்னா படுத்துக்கெடக்கதுதான்." சிரித்தாள். "எங்க மாமியாரு கேக்கா, படுத்துக்கெடக்க எவன்ட்டி சம்பளம் தருவான்னு."

"இராத்திரி தூங்குனியா?"

செல்லக்கனி சட்டென்று நிமிர்ந்தாள். "தூங்குனேனே."

"நான் கம்பெனி ஆளு இல்லம்மா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குரல் தாழ்ந்தது. "எங்கக்கா தூங்க? சின்னவன் விடியுற மட்டும் அழுவான். அவன் கண்ணசரும்போது சோறு பொங்கணும், தண்ணி புடிக்கணும். வாசல்ல கேப்பாவ, நல்லாத் தூங்குனியான்னு. ஆமான்னு சொல்லணும். இல்லன்னா அன்னைக்கிச் சம்பளம் இல்லாம வீட்டுக்கு அனுப்பிருவாவ. எல்லாவளும் ஆமான்னுதான் சொல்லுவாளுவ."

"எல்லாருமேவா?"

"இங்க வந்து படுத்தாத்தான் ஒடம்பு கொஞ்சம் ஆறுது. ஆனா கண்ணசந்து வரும்போது எழுப்பி விட்டிருதாவ. கொழாய் இறுகிட்டுன்னா எடுத்திட்டுப் போயிருவாவல்லா. இன்னுங்கொஞ்சம் கெடந்தா நல்லா இருக்கும்." வேன் ஹாரன் கேட்டது. அவள் ஓடினாள்.

சந்தனமாரி குழாயடியிலேயே நின்றாள். ஆட்களைத் தூங்கவிடாத எந்தக் கூடத்தை அவள் தடுக்க நினைத்தாளோ, அதைக் கட்டக் கம்பெனிக்குத் தேவையே வரவில்லை. அது வீடுவீடாக ஏற்கெனவே இருந்தது. உண்மையைச் சொன்னால் வாசலில் கேட்கும் கேள்வி நிற்கும். அதற்குப் பதில், தூங்கவிடாமல் வைக்கும் கூடம் தொடங்கும். சொல்லாவிட்டால் இப்படியே நடக்கும். இரண்டையும் வெகுநேரம் மனத்துக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

பிறகு ஜெரோமின் அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

"ஒரு தப்பு நடக்கு ஜெரோம்."

"என்ன தப்பு?" அவன் முகம் வெளுத்தது.

"கொழாய் இறுகினதும் உடனே எடுக்கீங்க. வெளியதான் இறுகியிருக்கும், உள்ள இழை அப்பத்தான் அமரும். இன்னும் ஒரு மணிநேரம் அப்படியே விடணும். அவங்களா முழிக்கிற வரைக்கும் எழுப்பவே கூடாது."

"உள்ளே அமருதா? நம்ம காலேஜ்ல இத நாம பாக்கலியே."

"நான் பாத்தேன்."

அவன் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டான்; ஏன் என்று கேட்கவில்லை.

"சரி" என்றான். "நாளையிலேருந்து போட்டிருதேன்."

சந்தனமாரி இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறாள். அம்மா போட்டி முடிந்த மறுவருடமே இறந்துபோனாள். தாணுமூர்த்தி ஓய்வுபெற்று நாகர்கோவிலில் இருந்தார்; இரண்டு வருடம் முன்பு காலமானார். நஸ்ரின் போட்டி நடந்த கோடையிலேயே கல்யாணமாகிக் கொழும்புக்குப் போனாள். சந்தனமாரியின் கடிதங்களுக்கு அவள் பதில் எழுதியதில்லை. செல்லக்கனியின் சின்ன மகன் இராத்திரியில் தூங்கத் தொடங்கிய பிறகு அவளுடைய குழாய்கள் கோணின. ஒத்துவரவில்லை என்று அவளை அனுப்பிவிட்டார்கள். ஜெரோம் இன்னும் மேலாளராக இருக்கிறான். குழாய் இறுகிய பின் ஒரு மணிநேரம் யாரையும் எழுப்பக் கூடாது என்ற விதி கம்பெனியின் எல்லாக் கூடங்களிலும் நடைமுறையில் இருக்கிறது.